தவ்பா மேடு: நீனவா மண்ணுக்குள் உறங்கிய வரலாறு

தாயிஃப் நகரின் புறத்தே இருந்த திராட்சைத் தோட்டம் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். கல்லெறிந்து துரத்தப்பட்டு, பாதங்களில் குருதி வழிய, கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோட்டத்தின் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். அப்போது தோட்டத்து உரிமையாளர்களின் பணியாளரான அத்தாஸ் என்பவர் ஒரு தட்டில் திராட்சைக் குலையை ஏந்தி வந்தார். அவர் எந்த ஊரினர் என நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, தாம் நீனவாவைச் சேர்ந்தவர் என்றார். நல்லடியார் யூனுஸ் பின் மத்தாவின் ஊரல்லவா அது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் அத்தாஸ் திகைத்துப் போனார். தம் ஊரையும் அவ்வூரின் நபியையும் அறிந்தவர் ஒருவர் அந்தத் தொலைதூரத்தில் இருப்பார் என அவர் எண்ணியிருக்கவில்லை.

பயான்களில் பலமுறை கேட்டு நாம் கண் கலங்கிய நிகழ்ச்சி இது. ஆயினும் அந்த நீனவா எங்கே இருக்கிறது, அது என்னவாயிற்று, அதன் மண்ணுக்குள் என்ன கிடைத்தது என்பவற்றை நம்மில் பலர் அறியோம். இம்மலரில் அவ்வூரின் மண்மேடுகளைப் பற்றியும், அங்கு நடந்த அகழாய்வுகளைப் பற்றியும் எழுத விழைகின்றோம். ஏன் எழுதுகின்றோம் என்பதை இறுதியில் சொல்வோம்.

மேடு எவ்வாறு உருவாகின்றது?

ஈராக்கின் வடபகுதியில், தஜ்லா எனப்படும் டைக்ரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த பழைய நகரம் மோசூல். அதற்கு நேர் எதிரே கிழக்குக் கரையில் இரண்டு பெரிய மண்மேடுகள் உள்ளன. ஒன்றின் பெயர் குயுஞ்சிக். அதற்குச் சற்றுத் தெற்கே உள்ளது நபி யூனுஸ் மேடு. இரண்டிற்கும் இடையே கோஸர் என்னும் சிற்றாறு பாய்ந்து தஜ்லாவில் கலக்கின்றது. இரு மேடுகளையும் உள்ளடக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சுற்றளவில் பழங்கால மதிலின் எச்சம் ஓடுகின்றது. இம்மதிலுக்குள் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 750 ஹெக்டேர். இதுவே நீனவா.

இம்மேடுகள் இயற்கையான குன்றுகள் அல்ல. அந்நாட்டில் மண் ஏராளம். ஆகவே வெயிலில் உலர்த்திய மண்கற்களால் வீடு கட்டுவது அம்மக்களின் பழக்கம். அத்தகைய வீடு ஒரு தலைமுறையோ இரு தலைமுறையோ தாங்கும். பிறகு சுவர் சரியும். சரிந்த மண்ணை வாரி அப்புறப்படுத்துவதைவிட, அதையே மிதித்துச் சமன்செய்து அதன்மேல் புதிய வீடு எழுப்புவது எளிது. இவ்வாறு தெருவும் முற்றமும் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஊர் தன் பழைய உடலின் மீதே ஏறி நிற்கும். அரபியர் இத்தகைய மேட்டைத் 'தல்' என்பர். 1931-32ஆம் ஆண்டுகளில் மேக்ஸ் மல்லோவன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் குயுஞ்சிக் மேட்டின் உச்சியிலிருந்து கன்னிமண் வரை ஒரு குழியை இறக்கினார். அதன் ஆழம் ஏறத்தாழ 90 அடி. அதன் அடிமட்டத்தில் இன்றைக்கு எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முதல் உழவர்களின் மட்பாண்டங்கள் கிடைத்தன.

பேரரசின் தலைநகர்

நீனவாவைப் பெரும் தலைநகராக்கியவன் அசீரியப் பேரரசன் சென்னாக்கெரிப். கி.மு. 705 முதல் 681 வரை ஆண்ட அவன், தனக்கு நிகரில்லாத அரண்மனை என்று தானே பெயர் சூட்டிய மாளிகையைக் குயுஞ்சிக் மேட்டின் மீது எழுப்பினான். ஊருக்குத் தண்ணீர் வேண்டி மலைநாட்டிலிருந்து நெடுந்தூரம் கால்வாய்கள் வெட்டினான். அக்கால்வாய் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கும் ஜெர்வான் என்னுமிடத்தில் ஏறத்தாழ 280 மீட்டர் நீளத்திற்குக் கல்லால் கட்டிய நீர்ப்பாலத்தின் எச்சம் உள்ளது. அவன் மகன் எசர்ஹத்தோன் எகிப்துவரை படை நடத்தியவன். பேரன் அசூர்பனிபால் நூல்களைத் திரட்டியவன்.

இத்தனை பெருமையும் கி.மு. 612இல் ஒரு கோடைக்காலத்தில் முடிந்தது. பாபிலோனியரும் மீதியரும் சேர்ந்து மூன்று மாதம் முற்றுகையிட்டு நகரை எரித்தனர். 1987 முதல் 1990 வரை பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரோனக் மதிலின் ஹல்ஸி வாயிலைத் தோண்டியபோது, அம்முற்றுகையில் மாண்டவர்களின் எலும்புக்கூடுகள் பத்துக்கும் மேல் அங்கேயே விழுந்த நிலையில் கிடைத்தன. அவற்றினிடையே அம்புமுனைகளும் கிடந்தன. அடக்கம் செய்யவும் ஆளின்றி அந்நகரம் அழிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மறந்தவரும் மறவாதவரும்

நகரம் அழிந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 401இல், கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் தம் வீரர்களுடன் இவ்வழியே சென்றார். ஆளற்ற மாபெரும் மதில்களைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். ஆனால் அவர் குறித்த பெயர் மெஸ்பிலா என்பது. அவ்வுலகை ஒருகாலத்தில் நடுங்க வைத்த நீனவா இதுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை. வென்றவர்களின் மறதி அவ்வளவு விரைவாக வேலை செய்தது.

ஆயினும் அவ்வட்டாரத்து மக்கள் அப்பெயரை விட்டுவிடவில்லை. நபி யூனுஸ் (அலை) அவர்களின் நினைவே அதற்குக் காரணம். தெற்கு மேட்டின் மீது முதலில் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்களின் மடம் ஒன்று இருந்தது. பின்னர் அங்கு பள்ளிவாசல் எழுந்தது. வேதனை இறங்கும் தறுவாயில் நீனவா மக்கள் அம்மேட்டில் கூடி அழுது பாவமன்னிப்புக் கோரினர் என்பது அவ்வூர் மரபு. அதனால் முஸ்லிம்கள் அதற்குத் 'தல் அத்தவ்பா', அதாவது தவ்பா மேடு, எனப் பெயரிட்டனர்.

கி.பி. 10ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்முகத்தஸீ இம்மேட்டைக் குறிப்பிடுகின்றார். ஹம்தானிய மன்னர் நாசிருத் தௌலாவின் மகள் ஜமீலா என்னும் அம்மையார் அங்கே பள்ளியையும் இறையடியார் தங்கும் இல்லங்களையும் கட்டி, வக்ஃபும் செய்துவைத்தார் என அவர் எழுதியுள்ளார். 1184இல் மோசூலுக்கு வந்த அந்தலூஸ் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், பல அறைகளும் ஒளூச் செய்யும் இடங்களும் கொண்ட கட்டடம் அம்மேட்டில் இருந்ததையும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் மக்கள் ஆற்றைக் கடந்து அங்கு சென்று இறைவணக்கத்தில் ஈடுபட்டதையும் பதிந்துள்ளார். அருகே மதிலும் வாயில்களும் சிதைந்து கிடப்பதைக் கண்டு, இது நீனவா நகரம் என்றே அவர் குறிக்கின்றார். 14ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதாவும் அவ்வாறே எழுதுகின்றார்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் நீனவாவைக் 'கண்டுபிடித்தனர்' என்று நூல்கள் கூறும்போது இதனையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் இருந்ததை அவர்கள் வெளிக்கொணர்ந்தனர் என்பது உண்மை. ஆனால் எந்த மண்ணைத் தோண்ட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொண்டிருந்தது அம்மேட்டின் மீதிருந்த பள்ளிவாசலே.

மண்வெட்டி எடுத்தவர்கள்

பாக்தாதில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கிளாடியஸ் ரிச் 1820-21இல் மோசூலில் தங்கி இம்மேடுகளை அளந்து வரைபடம் தயாரித்தார். சில காலம் முன்பு ஒரு பெரிய சிற்பப் பலகை மண்ணிலிருந்து வெளிப்பட்டதென்றும், ஊரார் அதனைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டனர் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. அறியாமையால் அழிந்தவையும் உண்டு.

1842 டிசம்பரில் பிரெஞ்சுத் தூதர் போத்தா முதன்முதலாகக் குயுஞ்சிக்கில் தோண்டத் தொடங்கினார். சொல்லும்படி எதுவும் கிடைக்காமையால் மனம் தளர்ந்து, அடுத்த ஆண்டே வேறோரிடம் சென்றார். அவர் விட்ட அதே மேட்டில் ஹென்றி லேயார்டு என்னும் ஆங்கிலேயர் 1847இல் சென்னாக்கெரிப்பின் அரண்மனையைக் கண்டார். போர்களும் முற்றுகைகளும் செதுக்கப்பட்ட கற்பலகைகள் அறைக்கு அறை வெளிப்பட்டன. 1853 டிசம்பரில் மோசூலிலேயே பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் என்னும் கிறிஸ்தவர், பிரெஞ்சுக்காரருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் இரவு வேளைகளில் மறைவாகத் தோண்டி, அசூர்பனிபாலின் வடக்கு அரண்மனையையும் புகழ்பெற்ற சிங்கவேட்டைச் சிற்பங்களையும் வெளிப்படுத்தினார். மண்ணின் மைந்தர் ஒருவரே இதனைச் செய்தார். ஆயினும் நெடுங்காலம் அவருக்குரிய சிறப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை.

தீயில் வெந்த நூலகம்

இவ்வகழாய்வுகளில் கிடைத்தவற்றுள் விலைமதிப்பற்றவை சிங்கச் சிற்பங்கள் அல்ல. 1850 அளவில் லேயார்டு இரண்டு சிறு அறைகளைத் திறந்தபோது, தரையிலிருந்து ஓரடி உயரத்திற்குக் களிமண் ஏடுகள் நிறைந்து கிடந்தன. பின்னர் ரஸ்ஸாமும் வேறு பலவற்றை எடுத்தார். முழு ஏடுகளும் துண்டுகளுமாக முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டவை இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மருத்துவம், வானியல், மொழியகராதி, கடிதங்கள், கதைகள் எனப் பலவும் ஆப்பு வடிவ எழுத்தில் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கே ஒரு விந்தையைக் கருத வேண்டும். தோலிலும் மெழுகுப் பலகையிலும் எழுதியவை நகரம் எரிந்த அன்றே சாம்பலாயின. களிமண் ஏடுகளோ அத்தீயில் வெந்து செங்கல்போல் இறுகின. அழிக்க வைத்த தீயே அவற்றைக் காத்தது.

1872ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித், நீனவா ஏடு ஒன்றில் தாம் படித்தறிந்ததை இலண்டன் அவையொன்றில் வெளியிட்டார். பெருவெள்ளம் ஒன்று வந்ததும், ஒருவர் கப்பல் கட்டித் தம் குடும்பத்தையும் உயிரினங்களையும் ஏற்றியதும், கப்பல் மலையில் தங்கியதும், பறவைகளைப் பறக்கவிட்டு நிலம் தெரிகிறதா எனப் பார்த்ததும் அதில் இருந்தன. நபி நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்கும். அவ்வேட்டில் பல தெய்வங்களின் கதையும் கலந்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனச் சொல்ல நாம் முன்வரவில்லை. அப்பெருவெள்ளத்தின் நினைவு அந்நிலத்து மக்களிடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றோம்.

பள்ளிவாசலின் அடியில்

குயுஞ்சிக்கில் இவ்வளவும் நடந்தபோது தெற்கே இருந்த தவ்பா மேடு பெரும்பாலும் தீண்டப்படாமல் இருந்தது. அதன் உச்சியில் பள்ளிவாசல், சுற்றிலும் வீடுகள், சரிவுகளில் மையவாடி. தோண்டுவதற்கு ஊரார் இசையவில்லை. போத்தாவும் அங்கே தோண்ட விரும்பிக் கைவிட்டார். லேயார்டு ஓர் உபாயம் செய்தார். அந்நாட்டில் கோடை வெப்பத்திற்கு அஞ்சி வீட்டின் அடியில் 'ஸர்தாப்' என்னும் நிலவறை அமைப்பார்கள். மேட்டின் மீதிருந்த வீட்டுக்காரர் ஒருவர் அத்தகைய அறை வெட்ட விரும்புகிறார் எனக் கேள்விப்பட்டு, தம் செலவில் வெட்டித் தருவதாகவும், உள்ளே கிடைக்கும் பழம்பொருள்களைத் தமக்குத் தர வேண்டும் என்றும் ஆள்மூலம் பேசினார். வெட்டிய சில நாள்களிலேயே அரண்மனைச் சுவர் தென்பட்டது. கற்பலகைகளில் எசர்ஹத்தோனின் பெயரும் வம்சாவளியும் இருந்தன. 1852 அளவில் மோசூலின் உதுமானிய ஆளுநரும் அம்மேட்டில் தோண்டி, மனிதத் தலையும் சிறகுகளும் கொண்ட காளைச் சிற்பங்களை வெளிப்படுத்தினார்.

பின்னர் நூறாண்டு கழித்து, 1954இல் ஈராக்கின் தொல்பொருள் துறையே பள்ளிவாசலுக்கு ஊறு நேராவண்ணம் மேட்டின் ஓரத்தில் அகழ்ந்தது. அரண்மனை வாயில் ஒன்றும், எகிப்திய மன்னன் தஹார்காவின் சிலைகளின் பகுதிகளும் கிடைத்தன. எகிப்தை வென்ற எசர்ஹத்தோன் அங்கிருந்து கொண்டுவந்து தன் வாயிலில் நிறுத்திய வெற்றிச் சின்னங்கள் அவை. 1980களின் பிற்பகுதியில் ஈராக் அறிஞர்கள் மீண்டும் அகழ்ந்தபோது, செதுக்கி முடிக்கப்படாத பெரிய காளைச் சிற்பங்களைக் கொண்ட மற்றொரு நுழைவாயிலைக் கண்டனர். பள்ளிவாசல் நின்ற இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தொழுகையும் நடந்தது, ஆய்வும் நடந்தது. பொறுமை இருந்தால் இரண்டும் ஒரே மேட்டில் இயலும் என்பதை ஈராக்கியர் காட்டினர்.

ஆற்றில் போனவையும் சந்தைக்குப் போனவையும்

19ஆம் நூற்றாண்டில் எடுத்தவற்றில் பெரும்பகுதி உதுமானிய அரசின் அனுமதிக் கடிதத்தோடு இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றது. காற்றூதிய ஆட்டுத்தோல்களின் மீது கட்டிய தெப்பங்களில் சிற்பங்களை ஏற்றித் தஜ்லாவில் மிதக்கவிட்டனர். 1855 மே மாதம் பிரெஞ்சுக்காரரின் தெப்பங்கள் தென் ஈராக்கின் குர்னா அருகே கொள்ளையர் தாக்குதலில் மூழ்கின. இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஆற்றோடு போயின. மண்ணுக்குள் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் பத்திரமாக இருந்தவை, வெளியே எடுத்த சில ஆண்டுகளில் சேற்றில் புதைந்தன.

ஈராக்கிலேயே எஞ்சியவற்றுக்கும் நல்ல காலம் வாய்க்கவில்லை. சென்னாக்கெரிப் அரண்மனையின் சில அறைகளைக் கூரையிட்டு, சிற்பங்களை இருந்த இடத்திலேயே வைத்துப் பாதுகாத்திருந்தனர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காவல் குலைந்தது. கூரைத் தகடுகளும் களவு போயின. சிற்பங்கள் உடைக்கப்பட்டு, துண்டுகள் மேலைநாட்டுப் பழம்பொருள் சந்தையில் தலைகாட்டின. பசியில் வாடியவன் உடைத்தான், வசதியுள்ளவன் வாங்கினான். இருவரில் யார் குற்றம் பெரிது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ரமளானில் நடந்த கொடுமை

2014 ஜூன் மாதம் ஐ.எஸ். என்னும் ஆயுதக் கும்பல் மோசூலைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள் வியாழக்கிழமை, புனித ரமளானின் கடைசிப் பத்தில், நபி யூனுஸ் பள்ளிவாசலில் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, சுற்றிலும் வெடிமருந்து வைத்து அதனைத் தகர்த்தனர். லைலத்துல் கத்ரைத் தேடி மக்கள் விழித்திருக்க வேண்டிய இரவுகளில் அம்மேடு இடிபாட்டுக் குவியலாகக் கிடந்தது. அடுத்த சில நாள்களில் நபி ஷீத் (அலை), நபி ஜிர்ஜீஸ் (அலை) ஆகியோர் பெயரால் அமைந்த இடங்களும் தகர்க்கப்பட்டன.

அடக்கஸ்தலம் உள்ள இடத்தில் தொழுவது இணைவைப்பு என்பது அவர்கள் கூறிய காரணம். ஜியாரத் பற்றி நம் சமுதாயத்தில் கருத்து வேறுபாடுகள் உண்டு. அதனை விவாதிக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் பின்னர் நடந்ததைப் பார்த்தால் அக்காரணத்தின் மெய்ம்மை விளங்கும். 2017 ஜனவரியில் ஈராக் படையினர் அம்மேட்டை மீட்டபோது, இடிந்த பள்ளிவாசலின் அடியில் எல்லாத் திசைகளிலும் சுரங்கங்கள் வெட்டப்பட்டிருந்தன. மேலே பள்ளியை இடித்தவர்களே கீழே அரண்மனையைக் குடைந்து, கிடைத்த பழம்பொருள்களை விற்கத் திருடியிருந்தனர். காட்சிக்காக மோசூல் அருங்காட்சியகச் சிலைகளைச் சம்மட்டியால் உடைத்துப் படம்பிடித்தவர்கள், கைக்கடக்கமானவற்றை விலைபேசிக் கொண்டிருந்தனர். தொழுகையையும் அவர்கள் மதிக்கவில்லை, வரலாற்றையும் மதிக்கவில்லை.

அச்சுரங்கங்களுக்குள் முதலில் இறங்கிப் பார்த்தவர்களுள் ஒருவர் மோசூலைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் லைலா ஸாலிஹ் அம்மையார். எந்நேரமும் சரிந்து விழக்கூடிய அவ்விடுக்கில் எசர்ஹத்தோனின் பெயர் பொறித்த கல்வெட்டும், சுவர்ச் சிற்பங்களும் அவர் கண்ணில் பட்டன. நூறாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிவாசலின் அடியில் அரண்மனை இருக்கிறது என அறிஞர்கள் கூறிவந்தது மீண்டும் உறுதிப்பட்டது. பின்னர் ஈராக் தொல்பொருள் துறையுடன் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அச்சுரங்கங்களை ஆராய்ந்து பதிவு செய்யத் தொடங்கினர். எத்தனை பொருள்கள் வெளியேறின என்பதை இனி எவராலும் கணக்கிட இயலாது. மண்ணடுக்கில் ஒரு பொருள் எங்கே, எதனோடு, எந்த ஆழத்தில் இருந்தது என்பதே ஆய்வாளனுக்குச் சாட்சியம். திருடன் பொருளை எடுக்கும்போது அச்சாட்சியத்தையும் அழித்துவிடுகின்றான்.

இருப்பினும் மண் முற்றிலும் வறண்டுவிடவில்லை. 2022 அக்டோபரில், அக்கும்பல் இயந்திரங்களால் இடித்துத் தள்ளிய மஷ்கி வாயிலைச் செப்பனிடும்போது, ஏழு சிற்பப் பலகைகள் வெளிப்பட்டன. போர்க்காட்சிகளுடன் பேரீச்ச மரங்களும் திராட்சைக் கொடிகளும் அவற்றில் செதுக்கப்பட்டிருந்தன. அச்செய்தியைப் படித்தபோது தாயிஃபில் அத்தாஸ் ஏந்தி வந்த திராட்சைக் குலைதான் நம் நினைவுக்கு வந்தது.

வாசகர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி

இத்தனை ஏடுகளில் நபி யூனுஸ் (அலை) அவர்களின் பெயர் உண்டா? இல்லை. அரண்மனைக் கல்வெட்டுகள் அரசர்கள் தம்மைத் தாமே புகழ்ந்து எழுதிக்கொண்டவை. பணிந்து மனம் திருந்திய செய்தியை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. நம் ஈமான் களிமண் ஏட்டின் சான்றை நாடி நிற்பதும் அன்று. ஒரு லட்சம் பேர் அல்லது அதற்கும் அதிகமானோரிடம் அந்நபி அனுப்பப்பட்டதாகத் திருக்குர்ஆன் கூறுகின்றது. நீனவாவின் பரப்பைக் கொண்டு அதன் மக்கள்தொகையை ஒரு லட்சத்திற்கு மேல் எனக் கணிக்கும் ஆய்வாளர்களும் உள்ளனர். இரண்டையும் பொருத்திப் பார்த்து மகிழ நமக்கு ஆசை எழுவது இயல்பே. ஆயினும் அக்கணிப்பு சென்னாக்கெரிப் விரிவாக்கிய நகரத்தைப் பற்றியது. நபி யூனுஸ் (அலை) அவர்களின் காலம் அதற்கு முற்பட்டது என்பதே பலரின் கருத்து. ஆகவே அவசரப்படாமல் இருப்பதே முறை. அவ்வாறே, அந்நபியின் அடக்கஸ்தலம் எனப் பாலஸ்தீனத்தின் ஹல்ஹூல் முதலிய வேறு ஊர்களும் சொல்லப்படுகின்றன. உண்மையை அல்லாஹ்வே நன்கறிவான். அடக்கஸ்தலம் எங்கே இருப்பினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அம்மேட்டில் ஸுஜூது செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

நம் ஊருக்கு இதில் என்ன?

தொலைவில் உள்ள ஒரு மேட்டின் கதையை ஜமாஅத் மலரில் ஏன் எழுதினோம் என்பதை இனிச் சொல்கின்றோம்.

மேலே இருந்த பள்ளிவாசல் ஊரின் நினைவைக் காத்தது. கீழே இருந்த மண் அதன் சான்றைக் காத்தது. இரண்டும் இருந்தவரை நீனவா அழிந்தும் அழியாமல் இருந்தது. நம்மிடமும் அத்தகைய நினைவுகளும் சான்றுகளும் உள்ளன. அவை நம் கையாலேயே போய்க்கொண்டிருக்கின்றன. தமிழகத்துப் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் கல்தூண்களும் கல்வெட்டுகளும் இருந்தன. இட நெருக்கடியால் பள்ளிகளைப் பெரிதாக்க வேண்டிய தேவை உண்மையானதே; அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் இடிக்குமுன் ஒரு படம் எடுத்துவைத்தோமா? கல்வெட்டின் வாசகத்தைப் படியெடுத்தோமா? பழைய தூணை எங்கே வைத்தோம்? பளிங்குக் கற்களை ஒட்டும்போது அதன் அடியில் மறைவது என்ன என்று கேட்டோமா? வெடிமருந்து வைத்தவர்களைக் கண்டிப்பது எளிது. கவனமின்மையால் நாம் இழப்பதைக் கண்டிக்க நம்மைத் தவிர வேறு ஆளில்லை.

ஆகவே ஜமாஅத்தார்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய நிக்காஹ் தஃப்தர்கள், வக்ஃபுப் பத்திரங்கள், கடிதங்கள் முதலியன தங்கள் இல்லங்களில் இருப்பின், அவற்றைக் கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் விட்டுவிட வேண்டாம். அறிந்தோரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். மையவாடியில் பழைய மீசான் கற்களைப் பெயர்த்து ஓரமாகக் குவிக்குமுன் அவற்றில் உள்ள எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே ஊரின் செய்திகளைக் கேட்டு எழுதுங்கள்.

தவ்பா மேட்டில் மீண்டும் தொழுகை நடக்கவும், அதன் அடியில் உள்ளவை முறையாகக் காக்கப்படவும் மோசூல் மக்கள் நல்லதொரு வழி காண வேண்டும் என்பது நம் துஆ. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காத்து, அடுத்த தலைமுறைக்குப் பழுதின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.